கோஷம் போட்டால் குற்றமா? குர்து முழக்கங்களும் பேச்சுரிமையின் எல்லையும்

கேள்வி இதுதான்: துருக்கியில் குர்துகள், அதாவது துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்று பரவி வாழும் இனத்தவர், ஊர்வலத்தில் "பிஜி செரோக் ஆப்போ" (தலைவர் ஆப்போ வாழ்க) என்று கத்தியதற்கெல்லாம் ஆட்களைப் பிடித்து வருடக்கணக்கில் உள்ளே வைக்கிறார்கள், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும்கூட வழக்கு வருகிறது, இது பேச்சுரிமையை நசுக்குவதா, இல்லை பயங்கரவாதத்துக்கு ஆள் சேர்ப்பதைத் தடுப்பதா? கோடு எங்கே?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழக்கம் யாருடையது என்று பார்த்துத் தண்டிப்பது அநியாயம். அதை இந்த ஆள், இந்த இடத்தில், இந்த நேரத்தில் சொன்னால் யார் தலையிலாவது அடி விழுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சொல்வதற்கு இது சுலபம், வழக்கு வழக்காக எடுத்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமில்லை, அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆப்போ என்பது அப்துல்லா ஓஜலான். "தலைவர் ஆப்போ வாழ்க", அவ்வளவுதான் அந்தக் கோஷம். 1978ல் பிகேகே என்ற குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர், 1984ல் அந்தக் கட்சி ஆயுதம் எடுத்தது, இரு பக்கமும் சேர்த்து 40,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1999 பிப்ரவரியில் நைரோபியில் அவரைப் பிடித்துக்கொண்டு வந்து இம்ராலி தீவுச் சிறையில் போட்டார்கள். முதலில் மரண தண்டனை, அப்புறம் துருக்கி மரண தண்டனையைக் கைவிட்டபோது ஆயுள் தண்டனை. துருக்கி மட்டுமில்லை, அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிகேகேவைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்திருக்கின்றன.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் "பயங்கரவாதத் தலைவனுக்கு வாழ்க போட்டால் சும்மா விடுவார்களா" என்று தோன்றும். ஆனால் துருக்கியில் தடை ஓஜலானில் தொடங்கவில்லை, குர்து மொழியிலேயே தொடங்கியது. 1983ல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த 2932ஆம் எண் சட்டம் குர்து மொழியின் பெயரைக்கூடச் சொல்லாமல் அதைத் தடை செய்தது, 1991 வரை அது அமலில் இருந்தது. அந்தச் சட்டம் ரத்தான அதே 1991ன் நவம்பரில் லெய்லா ஸானா எம்பியாகி, நாடாளுமன்றத்தில் துருக்கி மொழியில் பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டு, கடைசியில் குர்து மொழியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். துருக்கி மக்களுக்கும் குர்து மக்களுக்கும் இடையிலான சகோதரத்துவத்துக்காக இந்த உறுதிமொழியை எடுக்கிறேன் என்பதுதான் அந்த வாக்கியம். சபையே கொந்தளித்தது. 1994ல் வழக்கிலிருந்து எம்பிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பை அவரிடமிருந்து பறித்து, பிகேகே உறுப்பினர் என்று 15 வருடத் தண்டனை கொடுத்தார்கள், 2004ல்தான் வெளியே வந்தார். வழக்கு ஒரு வாக்கியத்துக்காக மட்டும் போடப்பட்டதில்லை, ஆனால் அந்த வாக்கியம்தான் அவரைக் குறிவைக்க வைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நெவ்ரோஸ் என்ற வசந்தப் பண்டிகையின் பெயரைக் குர்து முறைப்படி 'டபிள்யூ' போட்டுச் சுவரொட்டியில் எழுதினால்கூட வழக்கு வந்த காலம் ஒன்று உண்டு, துருக்கி எழுத்து வரிசையில் அந்த எழுத்து கிடையாது என்பதால். 2014ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதற்கப்புறமும் 2017 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் குர்து எம்பி ஒஸ்மான் பைதெமிர் தன்னைக் குர்திஸ்தானின் பிரதிநிதி என்று சொல்ல, அவையை நடத்தியவர் "குர்திஸ்தான் எங்கே இருக்கிறது?" என்று கேட்க, பைதெமிர் நெஞ்சில் கை வைத்து "இங்கே" என்றார். அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னதற்காக அவருக்கு இரண்டு அமர்வுகள் தடை, சம்பளத்தில் அபராதம். 2024ல் குர்துகள் அதிகம் வாழும் தியார்பகிர், வான் பக்கம் நகராட்சிகள் சாலையில் குர்து மொழியில் 'மெதுவாக', 'பாதசாரிகளுக்கு முதலிடம்' என்று எழுதியதைக்கூட ராத்திரியோடு ராத்திரியாக அழித்தார்கள். பாதசாரிக்கு வழிவிடச் சொல்வதே அரசியலாகிவிடும் இடத்தில், மக்கள் எதைச் சொன்னாலும் அது கோஷமாகத்தான் கேட்கும். இந்தப் பின்னணி இல்லாமல் 'பிஜி செரோக் ஆப்போ' வழக்குகளைப் பேசவே கூடாது என்பது என் நிலைப்பாடு.

சரி, சட்டம் எப்படி வேலை செய்கிறது? 1991ல் வந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு 'பயங்கரவாத அமைப்புக்குப் பிரசாரம்' செய்வதைக் குற்றமாக்குகிறது, 1 முதல் 5 வருடம். 2013ல் இதைத் திருத்தி, அமைப்பின் வன்முறை வழிகளை நியாயப்படுத்தினால், புகழ்ந்தால், தூண்டினால் மட்டும்தான் குற்றம் என்று மாற்றினார்கள். எழுத்தில் பார்த்தால் நல்ல திருத்தம்தான். ஆனால் ஆளை உண்மையில் முடக்கிப்போட்டது இதுவல்ல, தண்டனைச் சட்டம் 220ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவு. அமைப்பில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் அமைப்பின் சார்பில் ஒரு குற்றம் செய்தால் உறுப்பினருக்கு உள்ள தண்டனையே உனக்கும் என்றது அது. பிகேகே சார்பு ஊடகம் ஒரு ஊர்வலத்துக்கு மக்களை அழைத்திருக்கும், நீங்கள் அங்கே போய்க் கோஷம் போட்டிருப்பீர்கள். உடனே அது 'அமைப்பின் அழைப்பை ஏற்று அமைப்பின் சார்பில் செய்த குற்றம்' ஆகிவிடும், நீங்கள் துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்காத உறுப்பினர் ஆகிவிடுவீர்கள்.

ஒரு வழக்கைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். தியார்பகிரில் திஜ்லே பல்கலைக்கழக மாணவர் ஒருவர். 2006 மார்ச்சில் கொல்லப்பட்ட பிகேகே போராளிகளின் சவ ஊர்வலத்தில் நடந்தார், சவப்பெட்டிக்கு முன்னால் விரல்களால் வெற்றிச் சின்னம் காட்டினார். அடுத்த வருடம் வளாகத்தில் நடந்த ஒரு ஆர்ப்பாட்டத்தில் கை தட்டினார். இரண்டு விரல், கைதட்டல். இதற்கு 220ன் கீழ் 6 வருடம் 3 மாதம். அதில் 4 வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். 2017 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது உரிமை மீறல் என்று சொன்னதோடு நிற்கவில்லை, ஊர்வலத்தில் சாதாரணமாகக் கலந்துகொண்டவருக்கும் உண்மையான உறுப்பினருக்கும் இந்தப் பிரிவு வித்தியாசமே வைக்கவில்லை, எதைச் செய்தால் மாட்டுவோம் என்று யாராலும் ஊகிக்க முடியாது என்று சட்டத்தின் மேலேயே கை வைத்தது. 2008ல் அதே தியார்பகிரில் 15 வயதுப் பையன் ஒருவன் ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போட்டு, போலீஸ் மேல் கல்லும் எறிந்தான். 7 வருடம் 6 மாதம் போட்டார்கள். கல் எறிந்தது தப்புதான். ஆனால் அப்போது அந்த ஊர்களில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள், 'கல்லெறியும் குழந்தைகள்' என்றே துருக்கியில் அவர்களுக்குப் பெயர். 2010ல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

சவ ஊர்வலம் என்றதும் இன்னொன்று. குர்து சவ ஊர்வலங்களில் எப்போதும் கேட்கும் முழக்கம் 'ஷெஹித் நாமிரின்', தியாகிகள் சாவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்துவது. இதையும் பிரசாரம் என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். துருக்கி ராணுவ வீரரின் சவ ஊர்வலத்துக்குப் போனால் அங்கே கேட்பது 'ஷெஹித்லேர் ஓல்மெஸ், வதன் போலுன்மெஸ்', தியாகிகள் சாவதில்லை, தாய்நாடு பிளவுபடாது. முதல் பாதி அப்படியே ஒன்றுதான். அங்கே அமைச்சர்கள் வரிசையில் நிற்பார்கள். இறந்தவன் யார் பக்கம் என்பதை வைத்து ஒரு தாயின் அழுகை குற்றமாவதை எந்தப் பேச்சுரிமைக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த முடியாது.

கோடு எங்கே என்ற கேள்விக்கு உருப்படியான பதில் தேட வேண்டுமென்றால் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகளைத்தான் படிக்க வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு கருத்துச் சுதந்திரத்தைத் தருகிறது, அதன் இரண்டாம் பத்தி கட்டுப்பாடும் போடலாம் என்கிறது, ஆனால் அது சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும், ஒரு ஜனநாயகச் சமூகத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். இதை வைத்து நீதிமன்றம் என்ன செய்தது என்று பாருங்கள். ஓஜலான் பெயருக்கு முன்னால் 'சாயின்', அதாவது நம்ம 'மதிப்புக்குரிய' மாதிரி ஒரு சொல்லைச் சேர்த்ததற்காகப் பலரைக் குற்றத்தையும் குற்றவாளியையும் புகழ்ந்த பிரிவில் தண்டித்தார்கள். உடனே வேறு பலர் அரசு வழக்கறிஞருக்கே கடிதம் எழுதினார்கள்: இது குற்றமென்றால் நானும் சாயின் அப்துல்லா ஓஜலான் என்று சொல்கிறேன், என் மேலும் வழக்குப் போடுங்கள் என்று. போட்டார்கள், தண்டித்தும் விட்டார்கள். 2013 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க் இது 10ஆம் பிரிவு மீறல் என்றது. மரியாதைச் சொல் வன்முறைக்கு அழைப்பு ஆகாது, இதற்கு மேல் அதில் விவாதிக்க எதுவும் இல்லை.

அடுத்த படி கொஞ்சம் கடினம். வெறும் 'பிஜி செரோக் ஆப்போ' வகைக் கோஷத்துக்கு வந்த தண்டனையை அந்த நீதிமன்றம் 2011ல் உரிமை மீறல் என்றது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் முடிவான ஒரு மனுவில் கோஷத்துக்கு ஒரு வால் இருந்தது: தலைவர் ஆப்போ வாழ்க, ஹெச்பிஜி முன்வரிசைக்கு வா, பழிவாங்கு. ஹெச்பிஜி என்பது பிகேகேயின் ஆயுதப் பிரிவு. அந்த மனுவை நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. முதலில் சொன்னது ஒரு தலைவனை ஆதரிப்பது, இரண்டாவது ஆயுதம் வைத்திருக்கிறவர்களைப் பார்த்துப் போய் அடி என்பது. இந்த வேறுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது. அதே நேரம், 'அரசியல் அதிகாரம் துப்பாக்கிக் குழாயிலிருந்து பிறக்கிறது' என்பது போன்ற இடதுசாரிக் கோஷங்களுக்கான வழக்கில், 2010ல், அவை எல்லோருக்கும் தெரிந்த பழைய கோஷங்கள், அனுமதி பெற்ற கூட்டங்களில் போடப்பட்டவை, அதனால் வரக்கூடிய ஆபத்து குறைவு, தண்டித்தது உரிமை மீறல் என்று அதே நீதிமன்றம் சொன்னது. துப்பாக்கி என்ற சொல் வந்தாலே குற்றம் என்று அது பார்க்கவில்லை. யார், எங்கே, என்ன நிலைமை என்று பார்த்தது.

இதே அளவுகோல் குர்துகளுக்கு எதிராகப் போன வழக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. லெய்லா ஸானாவின் கணவர் மெஹ்தி ஸானா, தியார்பகிரின் முன்னாள் மேயர், 1987 ஆகஸ்டில் சிறையிலிருந்தபடி பத்திரிகையாளர்களிடம் பேசினார். பிகேகேயின் தேசிய விடுதலை இயக்கத்தை ஆதரிக்கிறேன், படுகொலைகளை நான் ஆதரிக்கவில்லை, எல்லோரும் தவறு செய்யலாம், பிகேகே பெண்களையும் குழந்தைகளையும் தவறுதலாகக் கொல்கிறது என்ற பொருளில் அவர் சொன்னது ஜும்ஹுரியெத் நாளிதழில் வந்தது. 12 மாதத் தண்டனை. 1997ல் ஸ்ட்ராஸ்பர்க் 12க்கு 8 என்ற கணக்கில் தண்டனை சரி என்றது. காரணம்: பெரிய நகரத்தின் முன்னாள் மேயர், தேசிய நாளிதழ், அந்த நேரத்தில் தென்கிழக்கில் பிகேகே பொதுமக்களைக் கொன்றுகொண்டிருந்தது.

எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் சிறைத் தண்டனையை ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த ஆள் படுகொலையை ஆதரிக்கவில்லை என்று வாயால் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பேட்டிக்கு இரண்டு மாதம் முன்னால், 1987 ஜூன் 20ல், மார்தின் மாகாணத்தில் பினார்ஜிக் என்ற கிராமத்தில் பிகேகே 30 பேரைக் கொன்றது, அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அந்தக் கிராமத்தில் பிழைத்தவர் 'தவறுதலாக' என்ற வார்த்தையைப் பத்திரிகையில் படித்தால் எப்படி இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கொல்லப்பட்டவர்களும் குர்துகள்தான். குர்து உரிமை என்று பேசுகிற நாம் பினார்ஜிக்கைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

இனி ஐரோப்பா. அங்கே மொழியைத் தடுப்பதில்லை, பட்டியலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஜெர்மனி 1993 நவம்பரில் பிகேகேவைத் தடை செய்தது, 2017 மார்ச்சில் உள்துறை ஒரு சுற்றறிக்கை விட்டு, சிரியாவின் குர்துப் படைகளான ஒய்பிஜி, ஒய்பிஜே சின்னங்களையும் தடைக்குள் இழுத்தது. சிரியாவின் கோபானி நகரத்தில் ஐஎஸ் என்ற 'இஸ்லாமிய அரசு' அமைப்பை எதிர்த்து நின்ற அதே படை, அமெரிக்க விமானங்கள் மேலிருந்து துணை நின்ற அதே படை. அதன் கொடியை முகநூலில் பகிர்ந்ததற்கு பவேரியாவில் ஆட்கள் மேல் வழக்கு வந்தது. பிரிட்டனில் 2018 ஜனவரியில் சிரியாவின் அஃப்ரின் பகுதி மேல் துருக்கி நடத்திய தாக்குதலைக் கண்டித்து லண்டனில் நடந்த பேரணியில் பிகேகே கொடி பிடித்த மூன்று பேர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொடி எந்த அமைப்பின் கொடி என்பது பிடித்தவருக்குத் தெரியாவிட்டாலும், ஆதரிக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் குற்றம் குற்றம்தான், அது பேச்சுரிமைக்கு முரணில்லை என்று 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தண்டனை என்னவோ சிறையில்லாமல் விட்டுவிட்டதுதான். ஆனால் எண்ணமே வேண்டாம் என்ற அந்த விதி என்னை உறுத்துகிறது. கால்வாயைத் தாண்டி பெல்ஜியம் போனால் 2020 ஜனவரியில் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் பிகேகே பயங்கரவாத அமைப்பு என்ற வகைக்குள் வராது, ஒரு உள்நாட்டு ஆயுதப் போரின் தரப்பு என்று சொல்லிவிட்டது. ஒரே கொடி, ரயிலில் இரண்டு மணி நேரம், குற்றம் மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் கோஷம் போட்டால் எதுவும் ஆகாது, உடனடி வன்முறையைத் தூண்டினால்தான் தண்டனை என்று 1969லிருந்தே விதி. ஆனால் 2010 ஜூனில் அங்கே வந்த ஒரு தீர்ப்பு நமக்கு மிக நெருக்கமானது. மனிதநேயச் சட்டத் திட்டம் என்ற அமைப்பு பிகேகேவுக்குச் சர்வதேசச் சட்டத்தைப் பயன்படுத்தியும் ஐநாவில் மனுக் கொடுத்தும் அமைதி வழியில் போகக் கற்றுத்தர விரும்பியது. அதே வழக்கில் அமெரிக்கத் தமிழ் அமைப்புகள் சிலவும் விடுதலைப் புலிகள் தொடர்பாக அதே உரிமையைக் கேட்டு மனுதாரர்களாக நின்றன. குர்துகளும் ஈழத் தமிழரும் ஒரே வழக்கில், ஒரே பக்கம். ஆறுக்கு மூன்று என்று தோற்றார்கள். தனியாக நின்று என்ன வேண்டுமானாலும் பேசு, எழுது, ஆனால் பட்டியலில் உள்ள அமைப்போடு சேர்ந்து, அதற்காகச் செய்யும் பயிற்சியும் ஆலோசனையும், சமாதானத்துக்கான ஆலோசனையாக இருந்தாலும், பொருள் உதவிதான் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். பிரையர், கின்ஸ்பர்க், சோட்டோமயோர் மூவரும் மறுத்தார்கள். ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லிக் கற்றுக்கொடுப்பதையும் தடுக்கும் சட்டம் யாரைப் பாதுகாக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

'ஜின், ஜியான், ஆஸாதி' பற்றியும் சொல்ல வேண்டும். பெண், வாழ்வு, விடுதலை. 2022 செப்டம்பரில் தெஹ்ரானில் ஒழுக்கக் காவல்படையின் பிடியில் இருந்தபோது இறந்த மஹ்ஸா அமினி, வீட்டில் ஜினா என்று கூப்பிடப்பட்டவர், ஈரானின் குர்துப் பகுதியான சக்கேஸ் ஊரைச் சேர்ந்தவர். அவரை அடக்கம் செய்த நாளில் அந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில் எழுந்த முழக்கம் பாரசீக மொழிக்குப் போய், அப்புறம் உலகம் முழுக்கப் போனது. அக்டோபரில் ஸ்வீடன் எம்பி ஒருவர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மேடையிலேயே தன் தலைமுடியை வெட்டிக்கொண்டு இதைச் சொன்னார். எல்லோரும் கை தட்டிய இந்த முழக்கம் வளர்ந்தது ஓஜலானைத் தலைவராக ஏற்ற அதே குர்துப் பெண்கள் இயக்கத்துக்குள்தான். பிறப்பிடத்தை வைத்துத் தடை என்றால் இதையும் தடுத்திருக்க வேண்டும். தடுக்காதது நல்லது, அந்த நியாயத்தை மற்றதற்கும் கொடுங்கள் என்பதுதான் என் வாதம்.

குர்துகள் கையில் அதிகாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஈராக்கின் குர்திஸ்தான் வட்டாரத்தில், குர்துக் கொடி பறக்கும் எர்பிலில், 2021 பிப்ரவரியில் பஹ்தினான் பகுதியைச் சேர்ந்த பத்திரிகையாளர்களையும் செயல்பாட்டாளர்களையும் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 6 வருடம் உள்ளே தள்ளினார்கள். அங்கே ஆளும் குடும்பங்களுக்கு எதிராகப் பேசினால் இதுதான் கதி.

இப்போதைய நிலைமை. 2024 அக்டோபரில் துருக்கியின் தேசியவாதத் தலைவர் தெவ்லெத் பாஹ்செலி, ஓஜலானைத் தூக்கில் போடச் சொல்லி முழங்கிய கட்சியின் தலைவர், ஓஜலான் நாடாளுமன்றத்துக்கு வந்து பேசட்டும் என்றார், பிறகு அவரையே பிகேகேயின் ஸ்தாபகத் தலைவர் என்று குறிப்பிடவும் தொடங்கினார். 2025 பிப்ரவரி 27ல் ஓஜலான் இயக்கத்தைக் கலைக்கச் சொன்னார், மே மாதம் பிகேகே கலைவதாக அறிவித்தது, ஜூலையில் ஈராக்கின் சுலைமானியா அருகே போராளிகள் சிலர் துப்பாக்கிகளைத் தீயில் போட்டார்கள். ஓஜலானை மரியாதையோடு பேசியதற்காக வேலை, படிப்பு, இளமை எல்லாம் இழந்தவர்கள் இதையெல்லாம் டிவியில் பார்க்கிறார்கள். சமாதானப் பேச்சு நடந்த 2013 நெவ்ரோஸிலும் இதே கதைதான்: தியார்பகிரில் லட்சக்கணக்கானோர் முன் ஓஜலானின் கடிதத்தை அரசின் சம்மதத்தோடு வாசித்தார்கள். அந்த வருடம் இஸ்தான்புல் நெவ்ரோஸில் பேசியதற்காகவே குர்து அரசியல் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷுக்கு 2018ல் 4 வருடம் 8 மாதம் கொடுத்தார்கள், சமாதானப் பேச்சு முறிந்த பிறகு. அரசுக்கு வேண்டும்போது பேச்சு, வேண்டாதபோது குற்றம்.

அதனால் பிகேகே கலைந்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று நான் நம்பவில்லை. 7ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. 220ன் ஆறாம் உட்பிரிவைத் துருக்கியின் அரசியல் சட்ட நீதிமன்றமே 2023ல் ரத்து செய்தது, 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் வாசகத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கொண்டுவந்தது. சமாதானம் உண்மையா என்று பார்க்க ஆயுதம் எரிந்த படத்தைவிட, அந்த இரண்டு பிரிவுகளில் வன்முறைக்கு நேரடி அழைப்பு இருந்தால் மட்டுமே தண்டனை என்று எழுதுகிறார்களா, ஏற்கனவே கோஷத்துக்காக உள்ளே இருக்கிறவர்களின் வழக்கை மறுபடி எடுக்கிறார்களா என்பதைக் கவனியுங்கள்.